இரண்டாம் காப்பு

கீழவலசை,
முதுகுளத்தூர் வழி.
12.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி எழுதுகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் நலம். நாலாவது ஆள் யார் என்று யோசிக்காதே, செவலை ஆடு நேற்றுக் குட்டி போட்டிருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ தூங்குகிறாயா, சாப்பாடு இறங்குகிறதா, கை நடுக்கம் நின்றதா என்று வரிசையாக எழுது. "சுகம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் நம்ப மாட்டேன்.

நூற்றிருபது நாளைக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று இல்லத்தில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு இப்போதுதான் பேனாவைத் தொடுகிறேன். அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாமே. ஆகவே, வார்டன் ஐயாவுக்கும் வணக்கம்.

அன்றைக்கு நீ ரத்தமாகக் கக்கியதை அம்மா இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அய்யா உன் பேரை எடுப்பதில்லை, ஆனால் வத்தல் களத்தில் உன் பங்கு வேலையையும் அவரே பார்க்கிறார். ராமநாதபுரத்து டாக்டர் சொன்னதை நீ மயக்கத்தில் கேட்டிருக்க மாட்டாய். "இனிமே ஒரு குவார்ட்டர் உள்ள போச்சுன்னா எங்கிட்ட தூக்கிட்டு வராதீங்க, நேரா காட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்றார். அதனால் அண்ணே, நூற்றிருபது நாளையும் முடித்துவிட்டு வா. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

பால்சாமி, இஃப்திகார், சுரேஷ் மூவரும் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள். நீ வந்து பாடும்வரை உங்கள் 'கருவமுள்' குழுவின் இரண்டாவது ஆல்பத்தைத் தொடப் போவதில்லை என்று சொல்லச் சொன்னார்கள். பால்சாமி டிரம்ஸைச் சாக்குப் போட்டு மூடிவிட்டான். வத்தல் குடோனில் இப்போது எலிகள்தான் மெட்டல் வாசிக்கின்றன.

ஒரு விஷயம். உன் கையில் காப்பு இருக்கிறதா? அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ராக்கப்பன் பூசாரி என்னை வழிமறித்துத் திட்டுகிறார். "காப்புக் கட்டுனவன் காரியம் முடியிற வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டக் கூடாதுன்னு தெரியாதா? திருவிழாவுக்குக் கட்டுற மாதிரிதேன் உங்க பாட்டுக்கும் வந்து கட்டிக்கிறீக. வெளையாட்டாப் போச்சா?" என்றார். முதல் ஆல்பத்துக்கு நீங்கள் விளையாட்டாகத்தான் காளியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டீர்கள். அப்போது வேலை முடிந்ததும் பொங்கல் வைத்து, காப்பை அவிழ்த்து, கண்மாயில் விட்டுவிட்டாய். இந்தத் தடவை கயிறு கட்டிய பதினோராம் நாள் ஆம்புலன்ஸ். பூசாரிக்கு நான் என்ன பதில் சொல்ல?

அம்மா உனக்கு எள்ளுருண்டை அனுப்பலாமா என்று கேட்டு எழுதச் சொல்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
நாகஜோதி

*

மறுவாழ்வு இல்லம்,
சிறுமலை அடிவாரம்.
25.3.2025

அன்புத் தங்கச்சி ஜோதிக்கு,

தவசி எழுதுவது. வரிசையாகக் கேட்டாய், வரிசையாகவே சொல்கிறேன். தூக்கம் நாலு மணி நேரம். சாப்பாடு இறங்குகிறது, ருசிதான் தெரியவில்லை. கை நடுக்கம் நின்றுவிட்டது. எழுத்து கோணலாக இருப்பது பிறவிக் கோளாறு. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அய்யா என் பேரை எடுக்காவிட்டால் போகட்டும், சர்க்கரை மாத்திரையை எடுக்கிறாரா?

இங்கே முப்பத்திரண்டு பேர் இருக்கிறோம். காலை தோட்ட வேலை, மதியம் சமையல்கட்டில் வெங்காயம், மாலை வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது என்ன தொழில் என்றார்கள். மெட்டல் பாடகன் என்றேன். இரும்புக் கடையா என்று கேட்டார் ஒருவர். உறுமிக் காட்டினேன். சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது.

காப்பு கையில்தான் இருக்கிறது. வந்த அன்றைக்கே நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தார். வெட்டினால் இப்போதே வெளியே போய்விடுவேன் என்று கையை இழுத்துக்கொண்டேன். பூசாரியிடம் சொல், பாட்டு முடியாமல் காப்பு இறங்காது. நான் வந்து முடித்துக் கொடுப்பேன்.

ஜோதி, இதைக் கவனமாகப் படி. இங்கே என்னைப் பிடித்து வைத்திருப்பது பூட்டு இல்லை, மதிலும் இல்லை. அந்த ஆல்பம் எனக்காகக் காத்திருக்கிறது என்கிற ஒரு நினைப்புத்தான். என் இடத்தில் எவனையாவது நிறுத்திப் பாட வைத்தார்கள் என்று காதில் விழுந்தால், அன்றைக்கே மதிலேறிக் குதித்துவிடுவேன். குதித்தால் முதலில் எந்தக் கடைக்குப் போவேன் என்று உனக்கே தெரியும். பயமுறுத்துவதாக நினைக்காதே. என்னை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

எள்ளுருண்டை அனுப்பலாம். முப்பத்திரண்டு பேருக்கும் வருகிற மாதிரி அனுப்பு.

உன் அண்ணன்,
தவசி

*

தொண்டி
18.4.2025
(அனுப்பாதது)

அண்ணே,

இதைத் தபாலில் போட மாட்டேன். ஊருக்குப் போனதும் வத்தல் மூட்டைக்கு அடியில் வைத்துவிடுவேன். உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அதனால் எழுதுகிறேன். நலமா என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

ஜூன் முப்பதுக்குள் ஆல்பம் வராவிட்டால் ஒப்பந்தம் கிடையாது என்று சென்னைக் கம்பெனி எழுதிவிட்டது. பதினைந்தாம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலில் இறங்காது என்பதால் இஃப்திகாரின் மாமா காதர் மைதீனுடைய ஐஸ் கம்பெனியும் அறுபத்தொரு நாள் மூடிக் கிடக்கும். சுவர் இரண்டடிக் கனம். வெளிச்சத்தம் துளிகூட உள்ளே வராது. பாட்டுப் பதிவு செய்ய இதைவிட நல்ல இடம் நமக்குக் கிடைக்காது. எல்லாம் இருந்தது, நீ மட்டும் இல்லை.

பரமக்குடியிலிருந்து ஒருவன் வந்தான், மதுரையிலிருந்து ஒருவன் வந்தான். இருவரும் கத்தினார்கள். உறுமல் வரவில்லை. எல்லாரும் சலித்துப்போய் டீ குடித்துக்கொண்டிருந்தபோது விளையாட்டுக்கு நான் மைக்கைப் பிடித்து 'கலுங்கு' பாட்டின் முதல் வரியைப் பாடிக் காட்டினேன். பதினாறு வயதிலிருந்து குடோன் சுவருக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டவள்தானே. உன் அளவுக்கு இல்லை, ஆனால் வந்தது. பால்சாமி டம்ளரைக் கீழே வைத்தான். "ஏ புள்ள, இன்னொருக்காப் பாடு" என்றான்.

அம்மாவுக்குத் தெரியும். அய்யாவிடம், தொண்டியில் இஃப்திகாரின் அக்கா வீட்டில் தங்கித் தையல் படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறோம்.

கிளம்புவதற்கு முன்னால் கோயிலுக்குப் போனோம். ராக்கப்பன் பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏத்தா, அண்ணங்காரன் காப்ப அவுத்தாச்சா? ஒரு காரியத்துக்கு ஒரு காப்புதேன். ரெண்டு கையில இருக்கக் கூடாது." பால்சாமி தரையைப் பார்த்தான். நான் "ஆச்சு" என்றேன். இல்லத்தில் வெட்டிவிட்டார்கள் என்று வேறு சேர்த்துச் சொன்னேன். எல்லை தாண்டித் தொண்டிக்குப் போகிறோம் என்பதையும் சொல்லவில்லை. அவர் கட்டிவிட்டார்.

முந்தாநாள் மதியம் மூன்று மணிக்கு முதல் பதிவு. சுரேஷ் லேப்டாப்பைத் தட்டிவிட்டுத் தலையாட்டினான். நான் வாயைத் திறந்தேன். அண்ணே, அது என் குரல் இல்லை. உன்னைப் போலப் பாடிக் காட்டியதும் இல்லை. உன்னுடையதேதான். வரி முடிகிற இடத்தில் நீ ஒரு சின்ன இருமலை விழுங்குவாயே, அதுகூட வந்தது. எனக்கு இருமல் கிடையாது.

பயந்துபோனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. பாடி முடித்த பிறகுதான் பயம் வந்தது. அந்த இல்லத்து மதில் எவ்வளவு உயரம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஜோதி

*

தொண்டி
19.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எள்ளுருண்டை வந்து சேர்ந்ததா? உடையாமல் வந்ததா?

நான் தொண்டியில் தையல் படிக்கிறேன். இஃப்திகாரின் அக்கா வீட்டில் தங்கல். ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுவதற்குள் என் கழுத்தே போய்விடும்போல் இருக்கிறது. தடைக்காலம் என்பதால் கடற்கரையில் படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கிறது. அய்யா மாத்திரை போடுகிறார். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

பாட்டைப் பற்றிப் புதிதாக ஒன்றும் இல்லை. எல்லாரும் உனக்காகக் காத்திருக்கிறார்கள். வெயில் கடுமை, தண்ணீர் நிறையக் குடி.

உன் தங்கை,
நாகஜோதி

*

சிறுமலை அடிவாரம்
2.5.2025

அன்புத் தங்கச்சிக்கு,

எள்ளுருண்டை உடைந்து தூளாக வந்தது. கரண்டியால் அள்ளிப் பங்கு வைத்தோம். அம்மாவிடம் ருசி பிரமாதம் என்று சொல். உண்மையிலேயே ருசி தெரிந்தது. தூக்கமும் வருகிறது, எட்டு மணி நேரம். எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. வார்டன் மற்றவர்களுக்கு என்னை உதாரணம் காட்டுகிறார். இப்படி ஒரு நாள் வரும் என்று நீ நினைத்திருப்பாயா?

காப்பு இறங்கிவிட்டது, ஜோதி. ஏப்ரல் பதினாறு, மதியம் மூன்று மணி இருக்கும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யாரும் இழுக்கவில்லை, கத்தி படவில்லை. தானாக அறுந்து வெங்காயத் தோலுக்குள் விழுந்தது. விழுந்ததும் தொண்டையில் ஐஸ் கட்டியை வைத்த மாதிரி ஒரு குளிர். இந்தக் கோடை வெயிலிலும் தினமும் அதே நேரத்துக்கு அந்தக் குளிர் வருகிறது. ஐந்து மணிக்கு விட்டுவிடுகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் வருவதில்லை. இன்று வெள்ளிக்கிழமை, அதனால்தான் நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

பேச்சைக் குறைத்துக்கொண்டேன். மாலை வட்டத்தில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லாருக்கும் அது பிடித்திருக்கிறது.

தையலை விடாதே. வேலை செய்யும்போது தோளைத் தூக்காதே. மூச்சைத் தொண்டையில் பிடிக்காமல் வயிற்றில் வை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வெந்நீர் குடி. இதெல்லாம் தையலுக்கும் நல்லதுதான்.

உன் அண்ணன்,
தவசி

*

தொண்டி
14.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எடை கூடியது என்று படித்துக் காட்டியபோது அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அய்யா வெளியே போய் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தார். அது அவருடைய அழுகை. எனக்கும் இந்த வருஷத்தில் இதைவிட நல்ல செய்தி கிடையாது.

நீ எழுதிய காப்பு விஷயத்தை இரண்டு தரம் படித்தேன். கயிறு பழசாகியிருக்கும், வேறொன்றும் இருக்காது. தொண்டைக்கு டாக்டரிடம் காட்டு. வெள்ளிக்கிழமை என்று நீ எழுதியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காதர் மைதீன் மாமா இங்கே வெள்ளிக்கிழமைகளில் தையல் வகுப்பைத் திறப்பதில்லை.

ஒரு வேடிக்கை கேள். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஆடுகள் பக்கத்துக் கொல்லைக்குள் புகுந்துவிட்டன என்று களத்திலிருந்து "ஏ...ய்" என்று ஒரு சத்தம் போட்டேன். அம்மா அடுப்படியில் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். பானையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். "தவசி வந்துட்டானா? எங்கன இருக்கான்? எங்கன?" என்று என்னைத் தாண்டி என்னைத் தாண்டிப் பார்த்தாள். நான்தான் கூப்பிட்டேன் என்றால் நம்பவில்லை. அம்மாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இங்கே எல்லாரும் நலம். வெயில்தான் தாங்கவில்லை. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்க மாட்டேன் என்கிறது. நீ வரும்வரை பாட்டைத் தொட மாட்டார்கள், கவலைப்படாதே.

உன் தங்கை,
நாகஜோதி

*

சிறுமலை அடிவாரம்
30.5.2025

அன்பு ஜோதிக்கு,

அம்மா, அய்யா, நீ, செவலை ஆடு, குட்டி எல்லாரும் நலம்தானே. என் உடம்பு சொன்னால் நம்ப மாட்டாய், கல்லு மாதிரி இருக்கிறது.

'கலுங்கு' பாட்டில் நான் எழுதியது "கண்மாய் வத்துனா கலுங்கு பேசும்" என்று. நீ அதைக் "கடலு வத்துனா கலுங்கு பேசும்" என்று மாற்றியிருக்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமைகூட வந்தது. மூன்றாவது வரியில் பால்சாமி அவசரப்படுகிறான், அவனை நிறுத்தி வாசிக்கச் சொல்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். குளிர் வரும்போது சத்தமும் சேர்ந்து வருகிறது. முதலில் நான்தான் மனசுக்குள் பாடுகிறேன் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் பாட்டு நடுவில் நின்று, "தண்ணி குடுங்கடா" என்று நீ கேட்டது காதில் விழுந்தது. அதன் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.

கோபம் வந்ததா என்றால், வந்தது. பதினெட்டாம் தேதி மதிலடியில் போய் நின்றேன். கையை மேலே வைத்தேன். ஏழு வருஷமாக, கடை என்று நினைத்த உடனே என் நாக்கில் எச்சில் ஊறிவிடும். அன்றைக்கு ஒன்றும் ஊறவில்லை. யாரோ ஒருவருடைய பழக்கத்தை நினைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. அரை மணி நேரம் நின்றேன், மணியடித்தது, போய்ச் சாப்பிட்டேன்.

ஆகவே பொய்த் தையலை நிறுத்திவிட்டு உண்மையை எழுது. உன்னைத் திட்ட மாட்டேன். நீ பாடு. என்னை வைத்து யாரும் காத்திருக்க வேண்டாம். ஒரு வரியாவது பதில் போடு.

உன் அண்ணன்,
தவசி

*

சிறுமலை அடிவாரம்
16.6.2025

அன்புத் தங்கச்சி ஜோதிக்கு,

பதினேழு நாளாகிறது, உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? வெட்கத்தில் எழுதாமல் இருக்கிறாய் என்றால் விட்டுவிடு. மூன்று நாளாகக் குளிர் வரவில்லை. பதிவு முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நானும் ஒன்றை மறைத்தேன், அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் பதினாறு மதியத்திலிருந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. குறைத்துக்கொண்டேன் என்று எழுதினேன் அல்லவா, அது பொய். பேச வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. திண்டுக்கல்லில் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, பேசலாமே என்றார் டாக்டர். சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறேன்.

இன்னொன்று. முதல் ஆல்பம் முடிந்தபோது பொங்கல் வைத்து நான் கண்மாயில் விட்டது கடையில் வாங்கிய மஞ்சள் கயிறு. காப்பை நான் அவிழ்க்கவில்லை. அது கட்டிய பிறகுதான் எனக்கு அந்தக் குரல் வந்தது, அவிழ்த்தால் போய்விடுமோ என்று பயம். அரைஞாணோடு சேர்த்து முடிந்துகொண்டேன். ஏழு வருஷம் அது என் இடுப்பில் இருந்தது. அன்றைக்குக் கைக் காப்பு அறுந்தபோது இதுவும் சேர்ந்து அறுந்து காலடியில் விழுந்தது.

முதல் காப்புக் கட்டுவதற்கு முன்னால் நான் கள்ளைக்கூடத் தொட்டதில்லை, உனக்கே தெரியும். பாடி முடித்த முதல் நாளே அந்தக் குரல் என்னிடம் ஒன்று கேட்டது. காதில் இல்லை, தொண்டையில். எரிகிற மாதிரி எதையாவது ஊற்று என்று கேட்டது. ஊற்றினால்தான் மறுநாள் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கேட்டது. குடித்தவன் எல்லாரும் எதன் மேலாவது பழி போடுவான் என்று இங்கே தினமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதனால் நீ பாதியை நம்பு, போதும்.

நீயும் காப்புக் கட்டித்தான் பாடியிருப்பாய். ஒழுங்காகப் பொங்கல் வைத்து உண்மையான காப்பை அவிழ்த்துக் கண்மாயில் விட்டுவிடு. அது வந்த இடத்துக்கே போகட்டும். எனக்குப் பேச்சுத் திரும்பினால் அம்மாவை வாய் நிறையக் கூப்பிடுவேன். திரும்பாவிட்டால் ஜாடையில் கூப்பிடுகிறேன். இருபத்தேழாம் தேதி என்னை அனுப்புகிறார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுது, ஜோதி. அது உன்னிடம் என்ன கேட்கிறது?

உன் அண்ணன்,
தவசி

*

கீழவலசை
22.6.2025
(அனுப்பாதது)

அண்ணே,

உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. மூன்று தரம் படித்துவிட்டு ஆட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஜூன் பன்னிரண்டில் பதிவு முடிந்தது. ஆல்பத்துக்குத் 'தடைக்காலம்' என்று பேர். ஒன்பது பாட்டு. அம்மாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். "எம்புள்ள எம்புட்டு நல்லாப் பாடுறான்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். நான்தான் பாடினேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் சொன்னாள். சென்னைக் கம்பெனிக்கு அனுப்பிய அட்டையில் "குரல்: நாகஜோதி" என்று போட்டிருந்தோம். அவர்கள் அதைத் தவறு என்று நினைத்து, உன் பேராக மாற்றித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பாடகர் முன்பைவிட நன்றாகப் பாடியிருக்கிறார் என்று ஒரு பாராட்டு வேறு. சுரேஷ் மறுபடி திருத்தி அனுப்பினான். இஃப்திகார் சிரித்தான். எனக்கு அழுகையாக வந்தது, அண்ணே. இரண்டு மாதம் அந்த அறையில் நின்று நெஞ்சு கிழியப் பாடியது நான்தானே.

அது என்ன கேட்கிறது என்றாயே. கடல் தண்ணீர் கேட்கிறது.

மே முதல் வாரம் ஆரம்பித்தது. பாடி முடித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு குடம் நல்ல தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. கால் நனைக்கலாம் என்று கடலுக்குள் இறங்கியபோது, என்னை அறியாமல் ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். உப்பே தெரியவில்லை. நம் ஊருணித் தண்ணீரைவிட இனித்தது. முதலில் ஒரு கை, பிறகு ஒரு டம்ளர். இப்போது ஐந்து லிட்டர் நீலக் கேனில் பிடித்துப் பஸ்ஸில் ஊருக்குக் கொண்டு வருகிறேன். குடிக்காத நாளில் குரல் வருவதில்லை. முகம் ஊதியிருக்கிறது, மோதிரம் கழலவில்லை. தொண்டியில் ஒரு டாக்டர் சிறுநீரகத்துக்கு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டையும் இந்தக் கடிதத்தோடு மூட்டைக்கு அடியில்தான் வைக்கப் போகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காப்பு அவிழ்ப்பு. பூசாரி பொங்கலை இறக்கி வைத்துவிட்டு, "ஆத்தாவ நெனச்சு நீயே அவுத்து விட்டுரு" என்று திரும்பி நின்றார். கண்மாயில் நான் விட்டது முதுகுளத்தூரில் பூக்கடையில் வாங்கிய கயிறு. என்னிடம் அரைஞாண் இல்லை, பாவாடை நாடாவில் முடிந்திருக்கிறேன். நீ ஏழு வருஷத்துக்கு முன்னால் செய்ததையே, உன் கடிதத்தைப் படிக்காமலே செய்திருக்கிறேன். மூன்று நாள் முன்னால் உன் கடிதம் வந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மாட்டேன்.

உனக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அவிழ்த்தால் அது கண்மாய்க்குப் போகாமல் உன்னிடம் திரும்பி வந்துவிட்டால்? திரும்பி வந்து, எரிகிற மாதிரி ஊற்று என்று கேட்டால்? நீ குடிக்காமல் கல்லு மாதிரி இருக்க வேண்டும் என்றால் அது என்னிடமே இருக்கட்டும். இப்படி நாலு பேரிடம் சொன்னால் தலையாட்டுவார்கள். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அது வேண்டும், அண்ணே. அடுத்த ஆல்பத்தில் என் பேரை யாரும் திருத்தக் கூடாது.

நீ பேச முடியாமல் இருப்பது எனக்கு இருபதாம் தேதிவரை தெரியாது. இப்போது தெரியும். இப்போதும் அவிழ்க்கலாம், கண்மாய் பத்து நிமிஷ நடைதான். முடிச்சில் விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

ஜோதி

*

கீழவலசை
23.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். பதிவு முடிகிற அவசரத்தில் பேனாவைத் தொட முடியவில்லை. நான்தான் பாடினேன், மறைத்தது என் தப்புத்தான். நீ மதிலடியிலிருந்து திரும்பி வந்தாய் என்று படித்தபோது எனக்கு உயிர் வந்தது. வீட்டில் அனைவரும் நலம், நானும் நலம்.

நீ சொன்னபடியே பொங்கல் வைத்துக் காப்பை அவிழ்த்துவிட்டேன். ராக்கப்பன் பூசாரி பக்கத்திலேயே இருந்தார். அது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அண்ணே. ஆளுக்கு ஆள் மாறும்போலிருக்கிறது. உனக்குப் பேச்சு உடனே திரும்பாவிட்டால் மனம் தளராதே, மதுரையில் பெரிய டாக்டர் யாரையாவது பார்க்கலாம். அம்மாவுக்கு ஜாடையும் புரியும்.

வெள்ளிக்கிழமை அய்யாவே உன்னைக் கூட்டி வர வருகிறார். தானாகச் சொன்னார், நாங்கள் யாரும் கேட்கவில்லை. நான் அன்றைக்குத் தொண்டியில் இருப்பேன், சனிக்கிழமை வந்துவிடுவேன். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுப்படியில் நீலக் கேன் ஒன்று இருக்கும். தாகமாக இருந்தால் பானையில் நல்ல தண்ணீர் இருக்கிறது, அதைக் குடி. கேனில் இருப்பது எனக்கு.

உன் அன்புத் தங்கை,
நாகஜோதி